குட்டிப் பன்றிக்கு முதலில் இடம், பிறகு தீனி

வங்கியில் இருந்தப்ப வெண்பன்றிக் கடன் விண்ணப்பத்தில் தீவனச் செலவைத்தான் பார்ப்பேன். கொட்டில் அளவைக் கேட்டதில்லை. சொந்தமாக வளர்த்தபோதுதான் பாடம் கிடைத்தது.

பால் மறந்த 12 குட்டிகளை 60 சதுர அடியில் அடைத்தேன். தீனி குறைவில்லை. ஆனாலும் நாலு குட்டி தேறவே இல்லை. வலுத்தது தொட்டியை மறிக்க, இளைத்தது ஒதுங்கி நின்றது. வால் கடியும் ஆரம்பிச்சது.

குட்டிக்குக் குறைந்தது 10 சதுர அடி கூரையிடம் கொடுங்க. எல்லாம் ஒரே நேரத்தில் வாய் வைக்கத் தொட்டி நீளம் வேணும். சின்னதைத் தனியே பிரிச்சு விடுங்க.

அடுத்தது புரதம். தவிடும் மக்காச்சோளமும் மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், சதை பிடிக்காது. வளரும் குட்டிக்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் தேவை. கடலைப் பிண்ணாக்கோடு உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் சேருங்க.

நெருக்கடியான கொட்டிலில் தீனியைக் கூட்டினால், கொழுப்பது வலுத்த குட்டி மட்டும்தான்.