எந்தப் புள்ளிகளில் கணக்கிடுவது?

ஒரு சார்பைச் சில புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டு, அவற்றின் வழியே ஒரு பல்லுறுப்புக்கோவையைச் செலுத்தி, மற்ற இடங்களின் மதிப்பை அதிலிருந்து பெறுவது இடைச்செருகல். சம இடைவெளியில் புள்ளி வைக்கத்தான் கை போகும். வேண்டாம். நடுவில் மேடிட்டு இருபுறமும் வழவழப்பாக இறங்கும் ஒரு சாதுவான சார்பை வைத்தே 1901-இல் கார்ல் ரங்கே காட்டிவிட்டார்: புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஓரங்களில் பிழை எகிறுகிறது. ஓரத்தை நோக்கி நெருங்கி வரும் செபிஷேவ் புள்ளிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மாறிக்கு இவ்வளவு போதும்.

இரண்டு மாறிகள் வந்ததும் வேறு வம்பு. இருபடிக் கோவைக்கு ஆறு கெழுக்கள். ஆறு புள்ளிகள் போதுமே என்று தோன்றும். ஆறையும் ஒரே வட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அந்த வட்டத்தின் சமன்பாடே ஓர் இருபடிக் கோவை. ஆறு புள்ளிகளிலும் அதன் மதிப்பு பூஜ்யம். கிடைத்த விடையோடு அதை எத்தனை மடங்கு கூட்டினாலும் அதுவும் விடைதான்! எண்ணிக்கை சரி, இடம்தான் தப்பு.

சதுரப் பரப்பென்றால் எளிய வழி, இரு திசையிலும் செபிஷேவ் புள்ளிகள் வைத்த கட்டம். படி 10-க்கு 121 புள்ளிகள். சார்பு நொடியில் கணக்காகிவிடும் என்றால் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். ஒவ்வொரு மதிப்புக்கும் கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டுமா? பதுவா புள்ளிகளுக்குப் போங்கள். 11-க்கு 12 செபிஷேவ் கட்டத்தில், சதுரங்கப் பலகையின் ஒரே நிறக் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 66. மொத்தப் படி 10 உள்ள கோவையின் கெழுக்களும் சரியாக 66. பிழை எவ்வளவு பெருகலாம் என்று சொல்லும் லெபேக் மாறிலியும் படியின் மடக்கையின் வர்க்கம் அளவுக்கே வளர்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் சதுரமோ செவ்வகமோ தாண்டினால் இது உதவாது.

கோணல்மாணலான பரப்புக்கு, அதில் புள்ளிகளை அடர்த்தியாகத் தூவி, நிரல் மாற்றத்துடன் கூடிய கியூஆர் பிரிப்பைக் கொண்டு நல்லவற்றைப் பொறுக்கலாம். தோராய ஃபெகெட்டே புள்ளிகள் என்பார்கள். பிறகு புள்ளி சேர்க்கும் உத்தேசம் இருந்தால் லேயா வரிசை மேல். பழைய கணக்கு வீணாகாது.

மாறிகள் 10 என்றால் முழுக் கட்டத்தை மறந்துவிடுங்கள். திசைக்கு 5 வைத்தாலே 97,65,625. ஸ்மொல்யாக் 1963-இல் தந்த ஐதான கட்டத்தில் 221 போதும். பல மாறிகள் ஒன்றோடொன்று பின்னிய உறுப்புகளை விட்டுக்கொடுத்துத்தான் இந்தச் சிக்கனம். உங்கள் சார்பில் அவையே முக்கியமென்றால் ஏமாறுவீர்கள்.

இரு மாறிகளின் வித்தியாசத்தின் தனிமதிப்பைப் போல, குறுக்கே முறிவு ஓடும் சார்பென்றால் இவற்றில் எதுவும் சரிப்படாது. முறிவை ஒட்டிப் பரப்பைத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு தாழ்படிக் கோவை போடுங்கள்.