யாழ்ப்பாணத்துக் கலியாண வீடியோ மொன்றியல் ரீவியில் ஏன் துள்ளுது?

இந்தக் கிழமை எபிசோட்டில் ஹோம் மீடியா சென்டர் பற்றிக் கதைத்தோம். எந்தப் பெட்டி வாங்கலாம், படம் ஏன் தடக்குப்படுது என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எங்கட வீடுகளில் இருக்கிற ஒரு சாமானை வைத்தே படிப்போம். அதுதான் பேஸ்மென்ட் பெட்டிக்குள் கிடக்கிற வீஎச்எஸ் கசற்.

25ஐ 60க்குள் அடக்கினால்

இலங்கைத் தொலைக்காட்சி ‘பால்’ முறை. குடிக்கிற பால் இல்லை! செக்கனுக்கு 25 படம், திரையில் தெரிவது 576 வரி. கனடாவில் இருந்தது ‘என்டிஎஸ்சி’. அதில் செக்கனுக்கு 29.97 படம், 480 வரி. அம்மம்மா ஊரிலிருந்து அனுப்பின கலியாண வீடியோ அநேகமாக பால். இங்கே எடுத்த சாமத்தியவீட்டு வீடியோ என்டிஎஸ்சி.

உங்கட ரீவி பொதுவாகச் செக்கனுக்கு 60 தரம் திரையைப் புதுப்பிக்கும். 60ஐ 25ஆல் பிரித்தால் முழு எண் வராது. அதனால் 15 படங்களை இரண்டு தரமும் 10 படங்களை மூன்று தரமும் காட்டித்தான் கணக்கைச் சரிக்கட்டும் (30 + 30 = 60). கமரா மணவறையிலிருந்து சபைப் பக்கம் மெதுவாகத் திரும்பும்போது தெரிகிற அந்தச் சின்னத் துள்ளல் இதுதான். புதுப் பெட்டி வாங்கினாலும் இது தானாகப் போகாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கோ

துள்ளல் ஒரே சீராக, கமரா அசையும்போது மட்டும் வந்தால் புதுப்பிப்பு வேகம்தான் காரணம். கோடியில் பிளேயர் செட்டிங்ஸுக்குள் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டொப்’ ஆக்குங்கோ. ரீவி 50 ஹேர்ட்ஸை ஏற்றால் பிரச்சினை முடிஞ்சுது. வட அமெரிக்காவில் விற்ற சில ரீவிகள் ஏற்காது. அப்போ டீஇன்டர்லேசிங்கை இரட்டை வேகத்தில் போடுங்கோ. செக்கனுக்கு 50 படம் வரும், துள்ளல் நல்லாக் குறையும்.

நினைத்த நேரத்தில் நின்று நின்று வந்தால் நெட்வேர்க்கைச் சந்தேகியுங்கோ. அதே ஃபைலை யூஎஸ்பியில் போட்டுப் பாருங்கோ. சரியாக ஓடினால் குற்றவாளி வைஃபைதான். ஒரு சின்னத் தகவல்: யூஎஸ்பி 3 டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும். டிஸ்க்கைத் தள்ளி வையுங்கோ, இல்லாட்டி நெட்வேர்க் கேபிள் போடுங்கோ.

சத்தம் ஓட, படம் பின்னால் இழுபட்டால் டீகோடிங் பிரச்சினை. கோடி ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ‘ஓ’ எழுத்தை அமத்துங்கோ. டீகோடர் பெயருக்குப் பக்கத்தில் ‘எச்டபிள்யூ’ இருந்தால் சிப் வேலை செய்கிறது. ‘எஸ்டபிள்யூ’ எண்டால் பிராசசர் தனியாக மாரடிக்கிறது.

அசைகிற ஆட்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் டீஇன்டர்லேசிங் நிற்பாட்டிக் கிடக்கு.

எந்தப் பெட்டி?

கசற்றிலிருந்து வந்த ஃபைல் சின்னது, எந்தப் பெட்டியும் ஓட்டும். உங்கட 4கே படங்கள்தான் சோதனை. ராஸ்பெரி பை 5இல் எச்.265க்கு ஹார்ட்வேர் டீகோடர் இருக்கு, ஏவி1க்கு இல்லை. 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர்தான் அதற்குச் சரி. பழைய ஃபோன் சார்ஜரைக் கொழுவ வேண்டாம். இன்டெல் என்100 உள்ள மினி பிசி எச்.265, ஏவி1 இரண்டையும் ஹார்ட்வேரிலேயே பார்க்கும்.

காசு மிச்சம் பிடிக்க வேணுமெண்டால் அலுவலகங்கள் கழிக்கிற சின்னப் பிசி போதும். இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக எடுங்கோ. அதிலிருந்துதான் 10 பிட் எச்.265 ஹார்ட்வேரில் ஓடும், ஆனால் 7ஆம் தலைமுறையில் ஏவி1 ஹார்ட்வேரில் ஓடாது. மொன்றியலில் இன்செர்டெக் போன்ற சமூக நிறுவனங்கள் திருத்திய கொம்பியூட்டர்கள் விற்கின்றன. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 10 வாட் பெட்டி வருடம் முழுக்க ஓடினாலும் சுமார் 88 யூனிட்தான். கியூபெக் விலையில் பத்து டொலர் வராது.

பெட்டியை மாத்தலாம், கசற்றை மாத்தேலாது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேணும். பால் கசற்றை என்டிஎஸ்சி டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் போகும், சிலவேளை ஒண்டுமே தெரியாது. “பழுதாப் போச்சு” எண்டு குப்பையில் போட்டிடாதேங்கோ. பால் ஓட்டுகிற மல்டிசிஸ்டம் டெக் தேவை, அவ்வளவுதான். உலகின் கடைசி வீசிஆர் தயாரிப்பாளரான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. வேலை செய்கிற டெக் வருடா வருடம் குறையும். பூஞ்சணம் பிடித்த கசற்றை மட்டும் நீங்களாகப் போட்டுப் பார்க்க வேண்டாம், டெக்கும் கெடும்.

கடையில் குடுக்கும்போது கேளுங்கோ: “பாலாகவே பிடிப்பீங்களா? 720×576, 25 படம்?” என்டிஎஸ்சிக்கு மாற்றித் தந்தால் 576 வரி 480 ஆகும், துள்ளலும் ஃபைலுக்குள்ளேயே பதிஞ்சிடும். பிறகு எந்தச் செட்டிங்ஸாலும் எடுக்க ஏலாது. ஏற்கனவே மாற்றின ஃபைல் இருந்தால் விஎல்சியில் கோடெக் தகவலைத் திறந்து பாருங்கோ. ஊர்க் கசற்றுக்கு 720×480 காட்டினால், மூலக் கசற்றைத் தேடி இன்னொருக்காப் பிடிக்கிறது நல்லது.

இடப்பெயர்வில் அல்பங்கள் தொலைந்த வீடுகளில், கடல் தாண்டி வந்த கசற்றில் மட்டும்தான் சில முகங்கள் மிச்சமாக இருக்கும். அதனால் ஃபைலை மூன்று இடத்தில் வையுங்கோ. அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இந்தக் கிழமை வீட்டுவேலை: அம்மாவிடம் கசற்றுகள் எங்கே எண்டு கேளுங்கோ. ஒவ்வொன்றிலும் ஊர், வருடம், ஆர் எடுத்தது எண்டு எழுதி ஒட்டுங்கோ. படத்தில் இருக்கிறவர்களின் பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கோ.