கல்லூரிக் காலமும் பகுதிநேரப் பணியும்

முன்னுரை

கல்லூரியில் பயிலுங்காலத்தே மாணவர் பகுதிநேரப் பணி மேற்கொள்ளலாமா என்னும் வினா, பெற்றோரிடையேயும் பேராசிரியரிடையேயும் நெடுநாளாக நிலவி வருவதாகும். ‘படிக்கிற காலத்தில் படிப்பு ஒன்றே போதும்’ என்பார் ஒரு சாரார். ‘உழைத்துப் படித்தவனுக்கே படிப்பின் அருமை தெரியும்’ என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் முழு உண்மையல்ல. செய்யலாமா, கூடாதா என வினவுவதைவிட எவ்வளவு, எப்பொழுது, எங்கே என வினவுவதே பயன் தருவதாகும். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்தம் வினைக்கெனக் கூறப்பட்ட இம்மூன்று அளவுகோல்களையும் மாணவர்தம் பணிக்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிக்குச் செல்வோர் யாவர்?

நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் சுழற்சிமுறையில் நடைபெறுகின்றன. காலைச் சுழற்சியில் பயில்வோர்க்கு மாலையும், மாலைச் சுழற்சியில் பயில்வோர்க்குக் காலையும் ஓய்வாகக் கிடைக்கின்றன. அவ்வேளையில் துணிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம் ஆகியவற்றில் நிற்போரும், திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறுவோரும், இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்ப்போரும், சிறுவர்க்குத் தனிப்பயிற்சி நடத்துவோரும் நம் மாணவருள் உளர். இவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, தங்கையின் பள்ளிச் செலவு எனத் தேவைகள் நிற்கையில், ‘வேலைக்குப் போகாதே’ என்று அறிவுரை கூறுதல் எளிது. அவ்வறிவுரையால் கட்டணம் செலுத்தப்பட்டுவிடாது.

உழைப்பு கல்விக்குப் பகையன்று என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேனாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் செய்தித்தாள் விநியோகத்தில் உதவித் தம் முதல் வருவாயை ஈட்டினார். அவரே பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோது, தமக்கையார் தம் நகைகளை அடகுவைத்துப் பணம் உதவினார். சிறுவயதில் உழைப்பின் சுவையை அறிந்தவர். கடுமையான படிப்புக்குரிய காலத்திலோ பிறர் தோள்கொடுக்கப் படித்தவர். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

வலியறிதல்: எவ்வளவு?

வாரத்திற்கு 168 மணி நேரம். நாள்தோறும் 7 மணி நேரம் உறங்கினால் 49 மணி கழியும். ஆறு நாள் வகுப்புக்கு 30, பயணத்திற்கு 12, உணவு, நீராடல், வழிபாடு, வீட்டுக் கடமைகள் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 4 வீதம் 28 எனக் கொண்டால், எஞ்சுவன 49 மணி நேரமே. மாலை 5 முதல் இரவு 10 வரை ஆறு நாளும், ஞாயிறன்று 8 மணி நேரமும் ஒரு மாணவர் பணி செய்வாராயின் 38 மணி நேரம் போய்விடும். மிஞ்சும் 11 மணியில் அவர் படிக்கவும், நூலகம் செல்லவும், நண்பரோடு உரையாடவும், நோயுற்றால் படுக்கவும் வேண்டும். அதுவே வாரத்திற்கு 15 மணி அளவில் பணி நிற்குமாயின் 34 மணி நேரம் கைவசம் இருக்கும். மயிலிறகும் அளவின்றி ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சை முறிக்கும் என்னும் வள்ளுவர் உவமை, நள்ளிரவு வீடு திரும்பிக் காலை வகுப்பில் கண்ணயரும் மாணவர்க்கும் பொருந்துவதேயாகும்.

காலமறிதல்: எப்பொழுது?

ஒரு பருவத்திற்கு 90 வேலைநாள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை என்பது பொதுவான நெறி. எனவே விடுப்புக்கு இடமுள்ள நாள்கள் 22 மட்டுமே. வாரத்திற்கு ஒருநாள் களைப்பினால் வகுப்பைத் தவறவிடும் மாணவர்க்குப் பதினைந்து வாரத்தில் 15 நாள் கழிகின்றது. தீபாவளி, ரம்ஜான், பொங்கல் போன்ற திருநாள் விற்பனையின்போது கடைக்காரர் அழைக்க, மேலும் 8 நாள் சென்றால் 23 ஆகிவிடும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரே ஒரு நாள் மிகுந்தமையால் தேர்வுக்கூடத்தின் கதவு அடைபடும் நிலை நேர்கின்றது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போயின், திருநாளில் பெற்ற கூலியைப்போலப் பன்மடங்கு இழக்க நேரும்.

ஆகவே, பருவத் தொடக்கத்திலும் நெடுவிடுமுறையிலும் பணியை மிகுத்து, தேர்வுத் திங்களில் அதனைக் குறைத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும். முதலாண்டின் முதற்பருவத்தில், புதிய பாடமும் புதிய சூழலும் பழகும்வரை, இயன்றால் பணியைத் தவிர்த்தல் நன்று.

இடனறிதல்: எங்கே?

எல்லாப் பணியும் ஒரு தன்மையவல்ல. கணிதம் பயிலும் மாணவர் எட்டாம் வகுப்புச் சிறுவர்க்குக் கணக்குக் கற்பிக்குங்கால் தம் பாடத்தையே மீண்டும் கற்கிறார். வணிகவியல் மாணவர் கணக்கர் அலுவலகத்தில் உட்காருங்கால் பாடநூலின் பேரேடு அவர் கையில் உயிர் பெறுகின்றது. தமிழ் பயில்வோர்க்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பணி உண்டு. மாறாக, நிமிடக் கணக்கில் விரைந்து உணவு சேர்க்கும் பணியில் ஊதியம் உடனே கிடைப்பினும், சாலை இடர் மாணவர் தலைமேலேயே நிற்கின்றது. அதற்கென வண்டியைத் தவணையில் வாங்கியபின், கட்டணத்துக்காகத் தொடங்கிய பணி தவணைக்காகத் தொடர்கின்றது. படிப்பைப் பாதியில் நிறுத்தியோர் சிலர் சென்ற வழி இதுவே.

பணியிடத்தில் தமக்குள்ள உரிமைகளையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று, கடைப் பணியாளர்க்கு அமர இருக்கை அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. ‘மாணவன்தானே’ என்று கூலியைக் குறைப்பதற்கும் நிறுத்திவைப்பதற்கும் எவர்க்கும் உரிமையில்லை.

மகளிர் நிலை

மாணவியர்தம் உழைப்பு பெரும்பாலும் எவர் கணக்கிலும் வருவதில்லை. வகுப்பு முடிந்து வீடு சென்றதும் சமையல், துணி துவைத்தல், தம்பியரைப் படிக்க வைத்தல் எனக் கூலியில்லாப் பகுதிநேரப் பணி அவர்களுக்குக் காத்திருக்கின்றது. மேற்கூறிய மணிக்கணக்கை அவர்களுக்கும் போட்டுப் பார்த்தல் பெற்றோர் கடமை. மகன் வேலைக்குப் போவதால் படிப்புக் கெடும் என அஞ்சும் இல்லத்தார், மகளின் படிப்பு அடுக்களையில் கெடுவதையும் காணல் வேண்டும்.

கல்லூரியின் கடமை

மாணவர் வெளியே அலையாதவாறு கல்லூரியே பணி தருமாயின் காலமும் இடமும் ஒருங்கே அமையும். மராட்டியத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919இல் தோற்றுவித்த ரயத் கல்விக் கழகம், ‘உழைத்துக்கொண்டே கற்றல்’ என்னும் நெறியைத் தன் விடுதிகளிலும், 1947இல் சாத்தாராவில் தொடங்கிய சிவாஜி கல்லூரியிலும் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. ஆங்குப் பயிலும் ஒவ்வொருவரும் வாரத்திற்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிப் பணியில் ஈடுபடுகின்றனர். ஏழையர்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் பணி உண்டு என்பதால் ஆங்கு உழைப்பு இழிவாகக் கருதப்படுவதில்லை.

நம் கல்லூரிகளிலும் நூலகத்தில் நூலடுக்குதல், ஆய்வகத்தில் துணைசெய்தல், அலுவலகத்தில் கணினிப் பதிவு, கடைநிலை மாணவர்க்குச் சிறப்புப் பயிற்சி எனப் பணிகள் பல உள. இவற்றுள் சிலவற்றையேனும் தேவையுள்ள மாணவர்க்கு ஊதியத்தோடு ஒதுக்கலாம். 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண், 2024இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்கள் தகுதியுடையோர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்க வகைசெய்தன. இத்தகைய உதவித்தொகைகள் உரியவரை எட்டுமாறு வகுப்பாசிரியர் வழிகாட்டினால், சிலரேனும் இரவுப் பணியைக் குறைத்துக்கொள்வர்.

முடிவுரை

பகுதிநேரப் பணி மாணவர்க்குத் தன்னம்பிக்கையையும் சிக்கனத்தையும் பிறர் உழைப்பை மதிக்கும் பண்பையும் தருகின்றது. அளவு மீறின் அவர்தம் கல்வியையே விலையாகக் கேட்கின்றது. எனவே தம் வலியறிந்து, பருவத்தின் காலமறிந்து, பணியின் இடனறிந்து மாணவர் செயற்படல் வேண்டும். முன்வரிசையில் உறங்கும் மாணவரைக் கண்டால், கடிவதற்குமுன் ‘நேற்று எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தாய்?’ என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வொரு வினா, ஒரு குடும்பத்தின் முதற் பட்டதாரியைக் காத்துத் தரக்கூடும்.