சருகிடை ஊரும் ஓருயிர்

எல்லாம் வல்ல இறைவனின் படைப்பில் வீண் என ஒன்றுமில்லை. எனினும், காலடியில் கிடப்பவற்றைக் கண்டும் காணாதவராய் நாம் கடந்து செல்கிறோம். அவ்வாறு கடந்து செல்லப்படும் ஓர் உயிரைப் பற்றியதே இக்கட்டுரை.

விக்கிரமசிங்கபுரத்தை அடுத்த மலையடிவாரத்திற்கு மழைக்கால முற்பகலொன்றில் மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். மக்கிய மரக்கட்டையின்மேல் மஞ்சள் நிறக் கோழை போன்ற ஒன்று படர்ந்திருந்தது. "நாய் கக்கியது போலும்" என முகஞ்சுளித்த மாணவர் ஒருவர், குச்சியால் அதனை வழித்தெறிய முற்பட்டார். தடுத்து நிறுத்தினோம். மாலையில் திரும்பியபோது அது இரண்டு விரற்கடை தொலைவு நகர்ந்திருந்தது. அருவருப்பு வியப்பாக மாறிற்று.

அஃது யாது?

கோழைப் பூஞ்சை என்றும் சளிப் பூஞ்சை என்றும் வழங்கப்பெறும் உயிர் அது. கையகலம் படர்ந்தாலும் அதன் உடல் ஒரே செல்தான், உட்கருக்களோ எண்ணற்றவை. உள்ளிருக்கும் கூழ் முன்னும் பின்னுமாக ஓடுவதால் அது ஊர்ந்து செல்கிறது. பாக்டீரியாக்களையும் பூஞ்சை வித்துகளையும் வளைத்து விழுங்குகிறது. ஈரம் வற்றினால் இறுகி உறங்கும். மழை கண்டால் மீண்டும் எழும். காலம் வாய்க்கும்போது நுண்ணிய காம்புகளில் வித்துப்பைகளைத் தாங்கி நிற்கும். வித்துகளைக் காற்று சுமந்து செல்லும்.

மூளையற்ற இவ்வுயிர் வழியறியும் என்பதனை ஜப்பானிய அறிஞர் நாககாகி குழுவினர் 2000ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். புதிர்ப்பாதையின் இரு முனைகளிலும் ஓட்ஸ் தானியத்தை வைத்தபோது, அது மிகக் குறுகிய வழியையே தேர்ந்தது. டோக்கியோவைச் சூழ்ந்த நகரங்களின் அமைப்பில் தானியத்தை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வூர் இருப்புப்பாதையை ஒத்ததொரு வலைப்பின்னலையே அது அமைத்தது.

எத்துணை அறிவு?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துள்ளது. இவ்வுயிரை எவ்வகுப்பில் வைப்பது? ஊற்றுணர்வு இதற்குண்டு. நாவின்றியே உணவின் திசையறிந்து செல்கிறது. கண்ணின்றியே ஒளிக்கு ஒதுங்குகிறது. பொறிகளை எண்ணி வகுத்தால் இது கீழ்ப்படியில் நிற்கும். செயலை நோக்கினாலோ படிகளைக் கடக்கும். ஒவ்வொரு வகைக்கும் சான்று கூறிய ஆசிரியர், அக்கிளையில் வேறும் உள எனக் கதவைத் திறந்தே வைத்த நுட்பம் இங்கு எண்ணி மகிழத்தக்கது. தொல்காப்பிய முதற்சூத்திரத்திற்கு விருத்தி கண்ட சிவஞான முனிவர் பிறந்த மண்ணிலேயே இவ்வினா நமக்கு எழுந்ததும் பொருத்தமே.

பெயரின் பிழை

பூஞ்சை என்னும் பெயரும் முற்றும் பொருந்தாது. பூஞ்சை உணவை வெளியே செரித்து உறிஞ்சும். இதுவோ விழுங்கிச் செரிக்கும். செர்மானிய அறிஞர் டி பாரி 1859இலேயே இதற்குக் 'காளான் விலங்கு' எனப் பொருள்படும் பெயரிட்டார். இன்றைய அறிவியல் இதனை அமீபா இனத்தோடு சேர்க்கிறது. ஆதலின் 'கோழையுயிரி' என்பது தகும் என்பது நம் கருத்து. பிழைபட்ட பெயர் பிழைபட்ட பார்வையைத் தரும் என்பதனை மொழி மாணவர் மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கது

1988இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறைக் காட்டினுள் நுழைய வனத்துறையின் இசைவு வேண்டும். ஆனால் நம் தோட்டத்து மரமே தொடக்கத்திற்குப் போதும். உதிர்ந்த பட்டைத் துண்டை நனைந்த தாளின்மேல் இட்டு, மூடிய கிண்ணத்தில் ஈரம் காத்து, இரண்டு மூன்று வாரம் உருப்பெருக்கியால் நோக்குக. கில்பர்ட், மார்ட்டின் என்னும் அறிஞர்கள் 1933இல் வெளியிட்ட வழிமுறை இது. ஒரு பட்டையில் தோன்றாவிடினும் மற்றொன்றில் தோன்றக்கூடும்; பொறுமையே இங்குப் பாடம்.

சருகைக் குப்பையெனக் குவித்துத் தீயிடும்போது இத்தகைய உயிர்களின் உலகத்தையும் சேர்த்தே எரிக்கிறோம். அன்று குச்சியை ஓங்கிய அம்மாணவர், பின்னர் அதனைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து நோக்கினார். கல்வி என்பது அவ்வாறு குனிந்து நோக்குதலே. படைப்பினைச் சிந்திக்குமாறு அருள்மறை விடுக்கும் அழைப்பும் அதுவே. அந்நோக்கினை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!