பூ: ஒரு சொல், பல பொருள்



ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் அறியும் சொற்களுள் ஒன்று ‘பிளவர்’. அதற்குப் ‘பூ’ என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். இந்தப் பாடத்தில் அந்த ஒரு சொல்லிலேயே சற்று நிற்போம்.

திருகோணமலை மாவட்டத்தில் 1990இலும் 2006இலும் வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. முகாமிலும் உறவினர் வளவிலும் வளர்ந்த பிள்ளைகள் பயிரைக் கிட்ட நின்று பார்த்தது குறைவு. ஆங்கிலச் சொல்லைப் பாடசாலை சொல்லிக் கொடுக்கும். பயிரின் பூவைப் பற்றிய சொற்களைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெற்றோரை விட்டால் வேறு ஆளில்லை.

ஆங்கிலத்தில் பூ

‘பிளவர்’ என்பது எந்தப் பூவுக்கும் பொதுச் சொல். ‘புளொசம்’ என்பது பெரும்பாலும் மா, தோடை போன்ற கனி மரங்களின் பூவைக் குறிக்கும். மரம் நிறையப் பூத்து நிற்பதற்கும் அது பொருந்தும். ‘புளூம்’ என்பது விரிந்த பூவையும், பூத்திருக்கும் நிலையையும் குறிக்கும். முந்திரிகைப் பழத்தின் தோலில் படிந்திருக்கும் வெண்பூச்சுக்கும் இதுவே பெயர். விரியாத மொட்டு ‘பட்’ எனப்படும். எனவே, கோயிலுக்குப் பூ வாங்கினோம் என்பதற்கு ‘பிளவர்’ பொருந்தும். மாமரம் பூத்துக் குலுங்குகிறது என்பதற்குப் ‘புளொசம்’ பொருந்தும்.

கோதுமை மாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் ‘பிளவர்’ என்றே ஒலிக்கும். எழுத்து மட்டும் வேறு. முற்காலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகவே இருந்தன. தானியத்தை அரைத்துச் சலித்தபின் கிடைக்கும் சிறந்த பகுதியை அதன் ‘பூ’ என்று ஆங்கிலேயர் அழைத்தார்கள். எமது அடுப்படியிலும் இந்த வழக்கம் உண்டு. துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்கிறோம் அல்லவா?

தமிழில் பூ

பூ, மலர் என்பவை தமிழ்ச் சொற்கள். புஷ்பம் வடசொல். ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில், உணவையும் உடையையும் பற்றிக் கவலைப்பட்ட மக்களுக்கு வயல்வெளிப் பூக்களைக் காட்டிப் பேசினார். அந்த இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ‘புஷ்பம்’ என்று சொல்லும். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘மலர்’ என்று சொல்லும். சொல் மாறினாலும் செய்தி ஒன்றே.

பூ வளரும் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிப் பெயர் உண்டு. முதலில் தோன்றுவது அரும்பு. பருத்தால் மொட்டு அல்லது முகை. விரியும் தறுவாயில் இருப்பது போது. விரிந்தது மலர். நன்றாக விரிந்தது அலர். உதிர்வது வீ. வாடியது செம்மல். இவற்றுள் அலருக்கு ஊர்ப்பேச்சு என்ற பொருளும் உண்டு. மறைந்திருந்த செய்தி பூப்போல விரிந்து ஊரெங்கும் தெரிவதால் அப்பெயர் வந்தது.

பூக்கும் இடத்தைக் கொண்டு முன்னோர் நான்கு வகை பிரித்தார்கள். மரத்தில் பூப்பது கோட்டுப்பூ: வேம்பு, பூவரசு. கொடியில் பூப்பது கொடிப்பூ: முல்லை, பாகல். குளத்தில் பூப்பது நீர்ப்பூ: தாமரை, எமது நாட்டின் தேசிய மலராகிய நீலோற்பலம். நிலத்துச் செடியில் பூப்பது நிலப்பூ: தும்பை. தென்னைக்கும் கமுகுக்கும் பாளை, வாழைக்குப் பொத்தி என்று வேறு பெயர்களும் உண்டு.

கமக்காரர் நினைவில் வைக்க வேண்டிய பொருள் இன்னொன்று. ஒரு போக விளைச்சலுக்கும் தமிழில் ‘பூ’ என்று பெயர். ஆண்டில் ஒரு முறை விளையும் நிலம் ஒருபூ நிலம். இரு முறை விளைவது இருபூ நிலம். பெரும்போகம், சிறுபோகம் என்று நாம் எண்ணுவதை அவர்கள் பூவாக எண்ணினார்கள். பூ பிடித்தால்தான் விளைச்சல் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

பயிரில் பூ

நெல்லுக்கும் பூ உண்டு. இதழ் இல்லாததால் பலர் கவனிப்பதில்லை. கதிர் தண்டுக்குள் பொதிந்திருப்பது குடலைப் பருவம். கதிர் வெளிவந்ததும் பூக்கத் தொடங்கும். பூக்கள் பெரும்பாலும் முற்பகலில் விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். இந்த நாட்களில் வயலில் தண்ணீர் வற்றினாலோ, கடும் வெப்பம் அடித்தாலோ மணி பிடிக்காமல் பதராகும். முற்பகலில் மருந்து தெளிப்பதையும் தவிர்க்க வேண்டும். பூத்த நாளைக் குறித்து வைத்தால், அதிலிருந்து சுமார் 30 நாட்களில் அறுவடை என்று கணக்கிடலாம்.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு கொடி பழுது என்று பிடுங்கிவிடக் கூடாது. பெண் பூவின் அடியில் சிறிய பிஞ்சு தெரியும். தேனீ குறைந்த இடத்தில், விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். முற்றத்தில் ஒரு கொடி இருந்தாலும் இதைப் பிள்ளைகளின் கையாலேயே செய்விக்கலாம். செய்த பிள்ளை மறக்காது.

பயிற்சி

1. அரும்பு முதல் செம்மல் வரையுள்ள பெயர்களை வரிசையாக எழுதுக.

2. ‘பிளவர்’, ‘புளொசம்’, ‘புளூம்’ ஆகிய மூன்றையும் வைத்து மூன்று ஆங்கில வசனங்கள் எழுதுக.

3. உங்கள் சொந்த ஊர் வயலிலும் வளவிலும் நின்ற மரம், செடி, கொடிகளின் பூக்களை அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டு, எந்த மாதத்தில் பூத்தன என்பதோடு நான்கு வகையாகப் பிரித்து எழுதுக. எழுதிய தாளைக் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துக. நிலத்தில் மறுபடி கால் வைக்கும் நாளில், எந்தப் பயிரை எப்போது எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது உதவும்.