பரீட்சார்த்த மென்பொருளும் கடைக் கணனியும்: நான் படித்த பாடம்

துணி வியாபாரிக்கும் கணனி மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். பில் போடுவதற்கும் ஸ்டொக் பார்ப்பதற்கும் கடையில் ஒரு கணனி இருக்கிறது, அதில் ஓடும் மென்பொருளை உறவுக்காரப் பிள்ளையொன்று எழுதித் தந்திருக்கிறது என்றால், சம்பந்தம் நிறையவே இருக்கிறது. பெரிய கம்பனியிடம் வாங்கியிருந்தால் அதன் பிரச்சினையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுப் பிள்ளை எழுதியதற்குப் பொறுப்பு நாங்கள்தான்.

எனது கடையின் பில் மென்பொருளை எனது சகோதரியின் மகன் 2012இல், படித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். எழுதிய மொழி பைதன். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொஸம் என்பவர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட மொழி அது. இலவசமானது, கற்பதற்கு இலகுவானது. அதனால்தான் இளைஞர்கள் அதில் எழுதுகிறார்கள்.

பெருநாள் வாரத்தில் நடந்தது

2024 ஜூன் மாதம். ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடை மூடும் நேரம் மருமகன் வந்தார்.

"மாமா, பைதன் 3.13 பீட்டா வந்திருக்கு. வேகம் கூடுமாம். போட்டுப் பாப்பமா?"

"பழசுக்கு ஒன்டும் ஆகாதே மகன்?"

"பழசு அப்படியே இருக்கும் மாமா. புதுசு பக்கத்தில தனியா உக்காரும்."

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. நானும் மேலே கேட்காமல் தலையாட்டினேன். ஆகவே தவறில் பாதி எனது.

சனிக்கிழமை காலை பில் மென்பொருளின் படத்தை அழுத்தினால், ஒரு கறுப்புத் திரை மின்னி மறைகிறது. அவ்வளவுதான். ஸ்டோரில் இருக்கும் பையன், ஸ்டொக் பார்க்கும் பக்கமும் திறக்கவில்லை என்றான். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மருமகனோ தன் வேலைத்தலத்தில். தொலைபேசியில் அவரைப் பிடிக்கும் வரை இரண்டரை மணித்தியாலம் கையால் பில் எழுதினோம். விலை ஞாபகமில்லாத துணிகளுக்கு றாக்கையைத் தேடி ஓடினோம். பின்னர் கணக்குப் பார்த்தபோது ஆறு பில்கள் ஸ்டொக்குடன் பொருந்தவில்லை.

தொலைபேசியில் அவர் சொன்னபடி பீட்டாவை நீக்கியதும் எல்லாம் பழையபடி வேலை செய்தது.

ஏன் அப்படி நடந்தது?

காரணங்கள் மூன்று. பைதனின் பல பதிப்புகள் ஒரே கணனியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்பது சரி. ஆனால் விண்டோஸில் பைதனுடன் வரும் 'லோஞ்சர்' என்ற சிறு மென்பொருள், எந்தப் பதிப்பு வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், இருப்பவற்றில் ஆகப் புதியதையே எடுக்கும். எங்கள் 3.11 கணனியில் இருக்கத்தக்கதாக, பில் மென்பொருள் 3.13இல் ஓடப் போனது.

இரண்டாவது, ஒவ்வொரு பதிப்புக்கும் துணைப் பொதிகள் வைக்கும் அலுமாரி தனி. பிரின்டருடன் பேசும் பொதி 3.11இன் அலுமாரியில் இருந்தது, புதியதில் இல்லை. 3.13க்கென்று தயாரித்த பொதி அப்போது வெளிவந்திருக்கவும் இல்லை.

மூன்றாவது, எங்கள் ஸ்டொக் பக்கம் 'சி.ஜி.ஐ.' என்ற பழைய பகுதியை நம்பியிருந்தது. அதை 3.13இல் முற்றாக நீக்கிவிட்டார்கள். திடீரென்று நீக்கவில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 3.11 பதிப்பிலிருந்தே எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர் கணனியின் கறுப்புத் திரையில் ஓடிய அந்த வரிகளை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

சத்தம் போடாத பிழை

அன்றைய நட்டம் பெரிதுதான். ஆனால் கடையை நிறுத்திய பிழை உடனே தெரிந்த பிழை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நாங்கள் முன்பே கண்டிருக்கிறோம்.

பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் முடிந்தது. அதனால் 2019 இறுதியில் நாங்கள் 3க்கு மாறினோம். அப்போது பயம் இருந்தது. பழைய கணனி ஒன்றில் புதியதைப் போட்டு, ஒரு மாதத்துப் பில்களை இரண்டிலும் ஓட்டி ஒப்பிட்டோம். இரண்டு வித்தியாசங்கள் அகப்பட்டன.

30 சாரன்களை 12ஆல் வகுத்தால் பைதன் 2 சொல்வது 2. அதாவது இரண்டு டசின், மீதி வேறு. அதே வகுத்தலுக்குப் பைதன் 3 சொல்வது 2.5. அடுத்தது, தள்ளுபடி 62 ரூபா 50 சதம் வந்தால் அதை முழு ரூபாவாக்கும்போது பைதன் 2 சொல்வது 63, பைதன் 3 சொல்வது 62. சரி பாதியாக வரும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது 3இன் விதி. 63.50 என்றால் இரண்டுமே 64 என்றுதான் சொல்லும்.

திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பில் அழகாக அச்சாகும். தொகை மட்டும் மாறியிருக்கும். வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாகச் சொன்ன தள்ளுபடியில் ஒரு ரூபா குறைந்தால் அது எங்கள் நாணயத்தைப் பாதிக்கும் விடயம். 2019இல் பயந்ததால் தப்பினோம். 2024இல் பழக்கமாகிவிட்டது என்ற தைரியத்தால் மாட்டினோம்.

பரீட்சார்த்த வெளியீடு என்றால் என்ன?

பதிப்பு எண்ணின் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் அல்பா. புதிய அம்சங்கள் வரவும் போகவும் கூடிய காலம். 'பி' என்றால் பீட்டா. புதிய அம்சங்கள் சேர்ப்பது முடிந்தது, பிழை திருத்துகிறார்கள். 'ஆர்சி' என்றால் இறுதி வெளியீட்டுக்கான வேட்பாளர். எழுத்து இல்லாவிட்டால் முழுமையான வெளியீடு. 3.13இன் முதல் அல்பா 2023 ஒக்டோபரிலும், முதல் பீட்டா 2024 மே மாதத்திலும், முழு வெளியீடு 2024 ஒக்டோபர் 7ஆம் திகதியும் வந்தன. பரீட்சார்த்தப் பதிப்பை அன்றாட வேலைக்குப் பாவிக்க வேண்டாம் என்று வெளியிடுபவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் தொடவே கூடாதா? தொட வேண்டும். புதிய துணி வந்தால் சாம்பிள் வாங்கி, தண்ணீரில் நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்த பின்னர்தானே ஓடர் கொடுக்கிறோம்? பீட்டா என்பது அந்தச் சாம்பிள். பிழையைக் கண்டால் முழு வெளியீட்டுக்கு முன்னரே அறிவிக்கலாம், எங்கள் மென்பொருளைத் திருத்தவும் அவகாசம் கிடைக்கும். நனைத்துப் பார்க்கும் இடம் கவுண்டராக இருக்கக்கூடாது என்பதுதான் விடயம்.

இப்போது நாங்கள் செய்யும் முறை

1. கவுண்டர் கணனியைத் தொடுவதில்லை. ஒதுக்கி வைத்த பழைய கணனி ஒன்றில் பரீட்சிக்கிறோம். கணக்குகளின் பிரதியே அதற்குப் போகும், மூலம் போகாது.

2. முதலில் விண்டோஸைப் பார்க்கிறோம். பைதன் 3.9இலிருந்து விண்டோஸ் 7இல் ஏறாது. 3.13க்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது தேவை.

3. பைதனின் உத்தியோகபூர்வ தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குகிறோம். நண்பரின் பென் டிரைவில் வந்தது வேண்டாம்.

4. ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'வேர்ச்சுவல் என்வைரன்மன்ட்' எனப்படும் தனிக் கோப்புறை. அதற்குள் அதற்கான பைதனும் துணைப் பொதிகளும். கவுண்டரில் அழுத்தும் படம் நேராக அந்தக் கோப்புறையின் பைதனையே அழைக்கும். புதிதாக எது வந்து உட்கார்ந்தாலும் அது அசையாது.

5. கடையில் ஒரே ஒரு கணனிதான் என்றால், 4ஆவது வேலையை முடித்த பின்னர்தான் பரீட்சார்த்தப் பதிப்பு. நிறுவும்போது 'பாத்'இல் சேர்க்கும் கட்டத்தில் சரி அடையாளம் போட வேண்டாம்.

6. ஒரு மாதத்துப் பில்களைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, சதம் வரை ஒப்பிடுகிறோம். கறுப்புத் திரையில் வரும் எச்சரிக்கை வரிகளை ஒரு கொப்பியில் எழுதி மருமகனிடம் கொடுக்கிறோம்.

7. முழு வெளியீடு வந்த அன்றே மாறுவதில்லை. முதலாவது அல்லது இரண்டாவது திருத்தப் பதிப்பு வரும் வரை பொறுத்து, வியாபாரம் குறைந்த வாரத்தில் மாறுகிறோம். பெருநாளை அண்டிய ஒரு மாதத்துக்கு எதையும் மாற்றுவதில்லை.

கைபில் புத்தகம் ஒன்றும் விலைப்பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றும் இப்போது எப்போதும் லாச்சிக்குள் இருக்கின்றன.

உங்கள் கடையிலும் ஒரு பிள்ளை எழுதிய மென்பொருள் ஓடுகிறதா? இன்றிரவே அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அது எந்த மொழியின் எந்தப் பதிப்பில் ஓடுகிறது? நாளை புதிய பதிப்பு ஒன்று கணனியில் ஏறினால் அது எதில் ஓடும்? இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால், அந்த வேலையை அடுத்த பெருநாளுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.