வாசல் மரமும் வீட்டாரின் இரத்தமும்



டிஸ்பென்சரிக்கு வரும் பிள்ளைகளின் கீழ் இமையைச் சற்றே இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு வெளுத்துத்தான் கிடக்கிறது. “பையன் பழம் சாப்பிடுறானாம்மா?” என்று கேட்டால், “சம்பளத்தன்னைக்கு ஆப்பிள் வாங்குவோம் டிரசரய்யா, மத்த நாளைக்கு எங்க?” என்று பதில் வரும்.

ஆப்பிள் கெட்ட பழம் அல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் ‘சி’ சுமார் 5 மில்லிகிராம். ஆரஞ்சில் 50. வேலியோரம் சும்மா காய்த்துக் கிடக்கும் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. கப்பலேறி வந்த பழத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு, வாசலில் வளரக்கூடிய பழத்தை நட மறந்துவிட்டோம்.

இந்த ‘சி’ சத்துக்கும் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருந்தாலும், குடல் அதைச் சுலபமாக உறிஞ்சாது. சோற்றோடு ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ, பிழிந்த எலுமிச்சையோ சேர்ந்தால் அதே கீரையிலிருந்து கூடுதலான இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் நேர் எதிராக நடக்கும். தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என்று எழுதிவிடுவோம். அந்த நிலைக்கு வருமுன்பே வீட்டில் செய்யக்கூடியவற்றில் இது ஒன்று.

நடச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “வீடே நம்முது இல்லீங்க. இன்னைக்கு மரத்த வச்சா நாளைக்கு ரிட்டயர் ஆனதும் சாவிய வாங்கிக்குவாங்க. தோட்டத்தையே வித்தாலும் வித்துடுவாங்க. யாரோ திங்கறதுக்கு நான் எதுக்கு மண்வெட்டி தூக்கணும்?” இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோது காய்த்து நின்ற மாவையும் தென்னையையும் விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ. அதற்காக முப்பது வருஷம் பழமில்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? எந்த மரத்தை எங்கே வைப்பது என்று யோசித்தால் இதற்கு வழி உண்டு.

வீட்டு வாசலில் சீக்கிரம் பலன் தருவதை வையுங்கள். பப்பாளி எட்டு ஒன்பது மாதத்தில் காய்க்கும். வாழை ஒரு வருஷத்துக்குள் குலை தள்ளும். பதியம் போட்ட கொய்யாவும் எலுமிச்சையும் இரண்டு வருஷத்தில் கைக்கு வரும். முருங்கை பழமரம் இல்லையென்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். போத்தை ஊன்றினால் ஆறு மாதத்தில் கீரை பறிக்கலாம். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் அதற்கு ஆகாது, வேர் அழுகிவிடும். பலா, தென்னை, ரம்புத்தான், மா போன்ற பெரிய மரங்களை லயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கூரை உடையும், சாக்கடை வெடிக்கும், தேங்காய் பிள்ளை தலையில் விழும். அவை கோயில் நிலத்துக்கும், பள்ளிக்கூட வேலியோரத்துக்கும், ஆயாக் கொட்டகை பக்கத்துக்கும் உரியவை. நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, தோட்டக் கமிட்டி முன்னின்று நடட்டும். பொதுவில் நின்றால் ஒரு குடும்பம் போனாலும் அடுத்த பிள்ளைகள் தின்னும்.

இன்னொரு வழி, மரத்தைக் கையோடு கொண்டுபோவது. மரத்தைத் தூக்க முடியாது, ஆனால் பதியத்தைத் தூக்கலாம். நன்றாகக் காய்க்கும் கொய்யாவில் பென்சில் பருமனுள்ள கிளையைப் பிடியுங்கள். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையம்போல் உரித்து, உள்ளே வழவழப்பாக இருப்பதைக் கத்தியால் சுரண்டுங்கள். ஈரமான தேங்காய் நாரும் மண்ணும் கலந்து அந்த இடத்தில் பொத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் இறுகக் கட்டிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி, அடியில் ஓட்டை போட்ட தகரத்தில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். கொய்யா, எலுமிச்சை, சிக்கு, ஜம்பு ஆயர் எல்லாவற்றுக்கும் இது சரிப்படும். பப்பாளிக்கும் தென்னைக்கும் ஆகாது. மழைக்காலத் தொடக்கத்தில் போட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம். வேலை முடிந்து டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர்கூட ஐந்தாறு தகரத்தில் தோட்டத்தைக் கூடவே கொண்டு போகலாம்.

ரம்புத்தானைக் கொட்டை போட்டு வளர்க்க வேண்டாம். பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகும். ஆறேழு வருஷம் காத்திருந்து பூவை மட்டும் பார்ப்பீர்கள். ஒட்டுக்கன்று வாங்குங்கள். பப்பாளியிலும் ஆண் மரம் உண்டு. ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்ததும் நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்குவதை வெட்டிவிட்டு, தண்டை ஒட்டிப் பூப்பதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டைப் பருப்புக்கு முந்திரி நடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முந்திரிக்கு மணல் நிலமும் நல்ல வெயில் காலமும் வேண்டும். கிளந்தான், திரெங்கானு கடலோரத்தில் வரும். களிமண்ணும் ஓயாத மழையும் உள்ள நம் பக்கத்தில் மரம் வளரும், பருப்பு அதிகம் இராது. காய்த்தாலும் தோலிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும், வறுக்கும் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். நமக்குப் பலாக்கொட்டையே போதும். அவித்தோ சுட்டோ கொடுத்தால் பிள்ளைக்குப் பசி தாங்கும். அதைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் நாலைந்து வகை, ஒரே வகையை நிறைய வைத்தால் என்ன? முதலாவது, எல்லா மாதமும் வீட்டில் பழம் இருக்க வேண்டும். ரம்புத்தானும் டுரியானும் பருவத்துக்கு வந்து போய்விடும். வாழை, பப்பாளி, கொய்யா வருஷம் முழுக்கக் கொடுக்கும். இரண்டாவது, நோய். 2000-ஆம் ஆண்டுகளில் ஜொகூர் பக்கம் பப்பாளி மரங்கள் நுனி அழுகிச் செத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். பப்பாளியை மட்டும் நம்பியிருந்தவனுக்கு அன்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக் கிழங்கு ஒன்றையே தின்று கால் வீங்கிப் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். வயிறு நிறைந்தாலும் சத்து நிறையவில்லை. 1974-இல் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டுக்கு வீடு பயிர் போடச் சொன்னபோது லயங்களில் அத்தனை காய்கறி முளைத்தது. திட்டம் போனபோது பழக்கமும் போய்விட்டது.

இனி மருந்து விஷயம். வீட்டுப் பழத்துக்கு எந்த விஷ மருந்தும் வேண்டாம். செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லியில் கொஞ்சம் கொண்டுவந்து வாழையடியில் அடிப்பவர் இருக்கிறார்கள். புல் சாகும், ஆனால் காற்றில் பறந்த துளி பப்பாளி இலையைச் சுருட்டும். அதே இடத்தில்தான் பிள்ளை வெறுங்காலோடு விளையாடுகிறது. புல்லை மண்வெட்டியால் செதுக்கி, அதையே மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள்.

மூடாக்குக்கு மில்லில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் வெறுங்குலையும் நல்லது. ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, பிறகு தென்னங்குருத்தைத் துளைக்கும். ஆட்டுச் சாணம், மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் எல்லாம் உரமே. சாணத்தை இரண்டு மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். குளிப்பறைத் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை வையுங்கள், ஆனால் தண்ணீர் ஓட வேண்டும், தேங்கக் கூடாது. தேங்காய்ச் சிரட்டை, காலித் தகரம், பூந்தொட்டித் தட்டு இவற்றில் நிற்கும் தண்ணீரில் டெங்கிக் கொசு வளரும். வாரம் ஒருமுறை கவிழ்த்துப் போடுங்கள். பழமரம் வைத்து டெங்கிக் காய்ச்சலை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பழத்தில் புழு வைப்பது ஒரு ஈ. அது முட்டையிட்ட பிறகு எந்த மருந்தடித்தும் உள்ளே இருக்கும் புழு சாகாது. கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பழைய பத்திரிகைத் தாளில் பை செய்து மூடிக் கட்டுங்கள். பலாப் பிஞ்சுக்குச் சாக்கு. புழு விழுந்து உதிர்ந்த பழத்தை அப்படியே விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துபோகும். துளசி இலையைக் கசக்கிப் போட்ட போத்தலைக் கிளையில் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் தேடி வந்து மாட்டும். மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். மரத்தில் கூடுகட்டும் சிவப்பு எறும்பை எரிக்காதீர்கள். கடித்தால் வலிக்கும்தான், ஆனால் மற்றப் பூச்சிகளைத் தின்று மரத்துக்குக் காவல் இருப்பது அதுதான்.

மருந்தடிக்கும் பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வேலை உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள், பழம் பறிக்காதீர்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். மருந்து டின்னை எத்தனை தடவை கழுவினாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ பழம் ஊறப்போடவோ ஆகாது. பாராகுவாட் களைக்கொல்லி 1.1.2020 முதல் நம் நாட்டில் முழுதாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் வீட்டுப் பின்புறம் எங்காவது கிடந்தால் சொல்லுங்கள். அதில் ஒரு வாய் போதும் ஆளைக் கொல்ல, மாற்று மருந்தும் கிடையாது. செம்பனைக்கு வைக்கும் எலி மருந்துக் கட்டியையும் வீட்டு மரத்தடியில் வைக்காதீர்கள். மிட்டாய் என்று பிள்ளை வாயில் வைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாலு நாள் கழித்துத்தான் இரத்தம் கசியும். யாராவது எந்த விஷத்தையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே பட்டதைக் கழுவிவிட்டு, மருந்துப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழம் என்றால் எல்லாருக்கும் எல்லாமும் ஆகும் என்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. முதலில் நிற்காத விக்கல் வரும், பிறகு மனம் தடுமாறும், வலிப்பும் உயிருக்கு ஆபத்தும் வரலாம். வாழைப்பழம்கூட அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இனிப்பு நீர்க்காரர் ஒரு வேளைக்கு ஒரு சிறு கொய்யாவோ ஒரு கீற்றுப் பப்பாளியோ சாப்பிடலாம், ஜூஸ் பிழிந்து குடிக்க வேண்டாம். அவர்கள் மண் வேலை செய்யும்போது பூட்ஸ் போடுவது அவசியம். ஈர மண்ணிலுள்ள ஒருவகைக் கிருமி காலிலுள்ள சிறு புண் வழியாக ஏறினால், சர்க்கரை உள்ள உடம்பில் இரத்தத்தில் பரவி ஆளையே சாய்த்துவிடும். மற்றவர்களும் செருப்பு போடுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறிக் குடலில் இரத்தத்தைக் குடித்தால் எத்தனை கொய்யா தின்றும் பிரயோசனமில்லை.

கர்ப்பிணிப் பெண் பப்பாளியே தொடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். பால் வடியும் காயைத் தவிர்ப்பது சரி. நன்றாகப் பழுத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பழமே கொடுக்காமல் வைக்கும் பத்தியத்தைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரத்தம் போன உடம்புக்கு அப்போதுதான் அதிகம் தேவை.

வேலிக்குக் காட்டாமணக்கு வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளை எச்சரியுங்கள். அந்தக் கொட்டையைத் தின்றால் வாந்தியும் பேதியும் பிடுங்கும். கித்தாக் கொட்டையிலும் விஷம் உண்டு. பூவா கெராஸைச் சமைக்காமல் தின்னக் கூடாது. ஜெரிங் காயைப் பச்சையாக நிறையத் தின்றால் இடுப்பு வலித்து மூத்திரம் அடைக்கும்.

டிஸ்பென்சரியில் இரும்பு மாத்திரை வாங்கியவர்கள், வீட்டில் பழம் காய்க்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். கார்டில் எழுதிய தேதிக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், விரலில் குத்தி இரத்தத்தைப் பார்த்துவிடலாம்.